நாலாம் பையின் விம்மல்

நாச்சிமுத்து அன்று தன் மனைவியின் வளைகாப்புக்குத் தானே சுமை அனுமதி எழுதிக்கொண்டிருந்தான். ஊரில் என்றால் வளைகாப்புக்கு நல்ல நேரம் பார்ப்பார்கள், சமையல்காரரைப் பார்ப்பார்கள். கொண்டல் நிலையத்தில் அதற்கெல்லாம் முன்னால் மொத்தம் எத்தனை கிலோ என்று பார்க்க வேண்டும்.

காரணம், கொண்டலுக்குக் கீழே தரை இல்லை. இருக்கத்தான் செய்கிறது, ஐம்பத்துநான்கு கிலோமீட்டர் கீழே, ஈயம் உருகுகிற சூட்டில். வெள்ளிக் கிரகத்தில் மனிதன் பிழைக்கக்கூடிய உயரம் அந்த மேகங்களின் உயரம் ஒன்றுதான். அங்கே வெப்பம் நம் ஊர்ச் சித்திரை மாதத்தைத் தாண்டாது. வெளியே நிறைந்திருப்பது கரியமில வாயு. அதைவிட நைட்ரஜன் லேசு. எனவே சினிமாக் கொட்டகையை விழுங்கும் அளவுக்கு ஒன்பது பைகள் செய்து, அவற்றில் நைட்ரஜனை நிரப்பி, வீடுகளையும் பட்டறைகளையும் அவற்றின் அடியில் கட்டித் தொங்கவிட்டுவிட்டார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் அதில் குடித்தனம் நடத்தினார்கள். எந்தப் பையின் கீழே ஒரே நேரத்தில் எத்தனை பேர் கூடலாம் என்று கையெழுத்துப் போட்டுச் சொல்வது சுமைப் பொறியாளர் நாச்சிமுத்துவின் வேலை.

நாலாம் பையின் கீழே இருந்தது பொதுக்கூடம். அவன் மனைவி மைனாவதியின் வயிற்றில் இருந்தது கொண்டலில் பிறக்கப்போகிற முதல் குழந்தை. வேலை நேரத்தில் இருக்கும் முப்பது பேரைத் தவிர அத்தனை பேரும் நான்கு மணிக்கு அங்கே வந்து நிற்பார்கள். வழக்கமாக அந்தக் கூடத்துக்கு வரம்பு இருநூற்று எழுபத்தைந்து பேர். ஆனால் பதினோரு நாளாக நாலாம் பை முந்நூறு கிலோ கூடுதலாகத் தூக்கிக்கொண்டிருந்தது. ஏன் என்று நாச்சிமுத்து பெரிதாகத் துருவவில்லை. தானாக வந்த சீதேவியை யாராவது காலால் உதைப்பார்களா? இருநூற்று எண்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

மை காய்வதற்குள் வேலாத்தாள் வந்து கதவருகில் நின்றார்.

"தம்பி, சித்த நேரம் இருக்குதுங்களா?"

வேலாத்தாளுக்கு நாற்பத்தெட்டு வயது. கொண்டலின் கேட்பாளர். ஒன்பது பைகளின் சத்தத்தையும் நாளைக்கு மூன்று தடவை கேட்டு நோட்டில் எழுதுவது அவர் வேலை. அதற்கு முன்னால் கோயம்புத்தூர் கணபதியில் ஒரு பம்ப்செட் பட்டறையில் பேரிங் பார்த்துக்கொண்டிருந்தார். திருப்புளியின் நுனியை ஓடுகிற மோட்டார் மேல் வைப்பார், பிடியைக் காதெலும்பில் அழுத்துவார், "இது இருபது நாள் தாங்கும்" என்பார். இருபத்தோராம் நாள் முதலாளி புதுப் பேரிங்குக்கு ஆள் அனுப்புவார். அவரிடம் ஒரு முரட்டுப் பழக்கம் இருந்தது. காதில் விழுந்ததைத் தவிர ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லமாட்டார். சமையற்கட்டில் ஒருமுறை குக்கர் எத்தனை விசில் விட்டது என்று கேட்டதற்கு, "நான் வந்த பொறவு ரெண்டு. அதுக்கு முந்தி விட்டதுக்கு நான் சாட்சி இல்லீங்க" என்றவர். ஊரே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது, ஊரே அவர் சொல்லை நம்பித் தூங்கவும் செய்தது.

"நாலாம் பை மூணுல இருந்து நாலுக்குப் போயிருச்சுங்க" என்றார்.

"மீட்டர்லயும் அப்படித்தான்க்கா காட்டுது. குழல்ல தூசி அடைஞ்சிருக்கும். அடுத்த மாசம் மாத்தறோம்னு அன்னிக்கே சொன்னனே."

"தூசி இல்லீங்க தம்பி. திறந்த குழலு மேல நிக்குது."

ஒவ்வொரு பைக்குள்ளும் இரண்டு கண்ணாடிக் குழல்கள் உண்டு. வெளிமேகத்தின் கந்தக அமில மூட்டம் எந்த மின்னணுக் கருவியையும் மூன்று மாதத்தில் தின்றுவிடும். கண்ணாடியை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு குழல் பையின் காற்றை ஊதும், அது திறந்த குழல். இன்னொன்று தன் கூட்டுக்குள் அடைத்துவைத்த சுத்தமான நைட்ரஜனையே திரும்பத் திரும்ப ஊதும், அது மூடிய குழல். இரண்டும் ஒரே அளவு, ஒரே சுருதி. பை நன்றாக இருந்தால் இரண்டும் சேர்ந்து ஒரே குரலாகக் கேட்கும். வேலாத்தாள் நோட்டில் "ஒன்று" என்று எழுதுவார். பைக்குள் வேறு வாயு கலந்தால் ஒரு குரல் விலகும். இரண்டு குரலும் ஒன்றோடொன்று உரசி, சத்தம் ஏறி இறங்கி ஏறி இறங்கி விம்மும். நொடிக்கு எத்தனை விம்மல் என்பதுதான் கணக்கு. ஐந்தைத் தொட்டால் அபாயமணி.

நாச்சிமுத்து பேனாவைக் கீழே வைத்தான். "மேல எப்படிக்கா போகும்? வெளிக்காத்து உள்ள வந்தா பைக்காத்து கனமாகும். கனமான காத்துல சத்தம் மெதுவாத்தான் போகும். சத்தம் மெதுவாப் போனா குழலோட சுருதி இறங்கும். இறங்கத்தான் முடியும்."

"அது கனமான காத்து வந்தாத்தானுங்களே?"

"மீட்டர் நாலுன்னுதான் காட்டுது."

"மீட்டருக்கு ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னுதான் தெரியும். எது மேல, எது கீழன்னு அதுக்குத் தெரியாதுங்க. நாலு படி ஏறினாலும் நாலு, இறங்கினாலும் நாலு. எனக்கு அந்த மூடின குழல் பதினோரு வருசப் பழக்கமுங்க. அது நின்ன இடத்துலயே நிக்குது. இன்னொண்ணு அதுக்கு மேல ஏறி நிக்குது."

நாச்சிமுத்து கடிகாரத்தைப் பார்த்தான். மணி இரண்டே கால். மாலை கட்டப் போக வேண்டும், பட்டு வேட்டி தேட வேண்டும். ஆனால் கணக்குப் படித்தவனிடம் ஒரு வியாதி உண்டு: தன் கணக்கில் ஓட்டை என்று யாராவது சொல்லிவிட்டால் சோறு இறங்காது. எழுந்து அவர் பின்னால் நடந்தான்.

நாலாம் பையின் கேட்பறை ஓர் அலமாரி அளவுதான் இருக்கும். பைக்குள்ளிருந்து ஓர் எஃகுக் கம்பி இறங்கி, நுனியில் தேய்ந்த மரக்குமிழோடு நின்றது. "பல்லுல கடிச்சுக்குங்க, காதைவிட நல்லாக் கேக்கும்" என்றார் வேலாத்தாள்.

கடித்தான். அடுத்த கணம் மண்டை முழுக்கக் குரல். வேலைக்குச் சேர்ந்து ஆறு வருடத்தில் இந்த எண்ணை ஆயிரம் முறை படித்திருக்கிறான், ஒருமுறையும் கேட்டதில்லை. கண்ணாடியின் நீண்ட, தூய குரல், நெஞ்சு விம்முவதுபோல் நொடிக்கு நான்கு தடவை பொங்கிப் பொங்கி அடங்கியது. இத்தனை பெரிய பையின் எடையை இரண்டு முழம் கண்ணாடி நிறுத்துச் சொல்கிறதே என்று நினைத்தபோது அவனுக்கு உடம்பு சிலிர்த்தது. எது மேலே எது கீழே என்று மட்டும் அவன் காதுக்குப் பிடிபடவே இல்லை.

"எனக்குப் பிரியலைக்கா."

"சரி, என்ற காதை நம்ப வேண்டாம். மூடின குழலுக்கு ஈரம் காய வைக்கிற ஹீட்டர் இருக்குதல்ல? ஒரு டிகிரி ஏத்துங்க. சூடான காத்துல சத்தம் வெரசலாப் போகும், அதோட சுருதி ஏறும். நீங்க சொல்ற மாதிரி திறந்த குழல் கீழ இருந்தா, ரெண்டும் இன்னும் விலகி விம்மல் அஞ்சாகும். நான் சொல்ற மாதிரி மேல இருந்தா, மூடினது அதுகிட்டப் போகும், விம்மல் குறையும். அவ்வளவுதானுங்க."

நாச்சிமுத்து அவரைப் பார்த்தான். பொறியியல் கல்லூரியில் நாலு வருடம் தங்கப் பதக்கத்துக்கு உழுதவன் அவன். இந்தச் சோதனை அவன் புத்திக்கு எட்டவில்லை. பத்தாம் வகுப்போடு பட்டறைக்குப் போன பெண்மணி அதைக் கையில் வைத்துக்கொண்டு பதினோரு நாளாகக் கேட்க ஆள் தேடியிருக்கிறார். தன் தலையில் தானே குட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

ஒரு டிகிரி ஏற்றினான். கம்பியைக் கடித்தான். நான்கு, மூன்றரை, மூன்று. இன்னொரு டிகிரி. இரண்டு. நாலாவது டிகிரியில் விம்மல் நீண்டு நீண்டு, கடைசியாக ஒருமுறை பெருமூச்சு விட்டு, இரண்டு குரலும் ஒன்றானது.

"மேலதான் இருக்குது" என்றான் வாயிலிருந்து கம்பியை எடுத்துவிட்டு. "லேசான வாயு ஏதோ உள்ள சேருது. அதனாலதான் பை கூடுதலாத் தூக்குது. ஆனா இந்த மேகத்துல ஏதுக்கா நைட்ரஜனைவிட லேசான வாயு?"

"அது எனக்குத் தெரியாதுங்க. நான் கேட்டதைச் சொன்னேன்."

அவனுக்குத் தெரிந்தது. பள்ளி ஆய்வகத்தில் சோதனைக் குழாயில் உலோகத்துண்டைப் போட்டு அமிலம் ஊற்றி, குழாயின் வாயில் தீக்குச்சி காட்டினால் 'டப்' என்று ஒரு சத்தம். ஹைட்ரஜன். அமிலம் உலோகத்தைத் தின்றால் வரும். பைக்குள்ளே இருக்கும் ஒரே உலோகம், கூடத்தை மொத்தமாகத் தாங்கிக்கொண்டு குறுக்கே ஓடும் அறுபது மீட்டர் அலுமினிய உத்தரம். பை நன்றாகத் தூக்குகிறது என்று அவன் மகிழ்ந்த முந்நூறு கிலோவும் அந்த உத்தரம் கரைந்து வந்தது.

முகமூடி மாட்டிக்கொண்டு இருவரும் பையின் சோதனை மூடிக்கு ஏறினார்கள். மூடியைத் திறந்ததும் உத்தரத்தின் தலை தெரிந்தது. அதன் மேல் மூன்று விரலால் இழுத்த சந்தனப் பட்டை, நடுவில் குங்குமம். ஆயுத பூஜை கழிந்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. வருடம் பூராவும் நம்மைத் தாங்குகிறவளுக்குப் பொட்டு வைக்காமல் விடுவதா என்று, ஒன்பது பையையும் திறந்து தானே பொட்டு வைத்த மகானுபாவன் நாச்சிமுத்துதான். நாலாம் பையில் சந்தனம் கொஞ்சம் கெட்டியாக இருந்திருக்கிறது. மூடியின் ரப்பர் வளையத்தின் மேல் ஒரு துளி வழிந்து, காய்ந்து, மணல் போல உட்கார்ந்துவிட்டது. அந்த மயிரிழை இடைவெளி போதும் அமில மூட்டத்துக்கு. பூச்சு உரிந்த இடத்தை அது கண்டுபிடித்திருக்கிறது.

அவன் அந்த வளையத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். வேலாத்தாளும் பார்த்தார். யார் வைத்த பொட்டு என்று அவருக்குத் தெரியும். இடுப்பிலிருந்து சின்னப் பித்தளைச் சுத்தியலை எடுத்தார்.

"எவ்வளவு தின்னிருக்குதுன்னு தட்டிப் பாத்துருவோமுங்க."

"தட்டினா ஒடிஞ்சுறாதா?"

"பூவைத் தட்டற மாதிரி தட்டறேன். தியேட்டர் வரிசையில கடைசியில நிக்கறவன் முன்னாடி இருக்கறவனைத் தள்ளினா என்ன ஆகும்? ஆளு அங்கங்கதான் நிப்பான். தள்ளு மட்டும் ஒருத்தன் மாத்தி ஒருத்தனா டிக்கெட் ஜன்னல் வரைக்கும் போயி, செவுத்துல முட்டித் திரும்பி வரும். சத்தம் போறதும் அப்படித்தானுங்க. நடுவுல வரிசை அறுந்திருந்தா, தள்ளு அங்கயே முட்டித் திரும்பிரும்."

தட்டினார். நாச்சிமுத்து நேரமானியை உத்தரத்தில் ஒட்டிவைத்திருந்தான். அறுபது மீட்டர் போய்த் திரும்ப ஆயிரத்தில் இருபத்துநான்கு பங்கு நொடி ஆக வேண்டும். ஒன்பதிலேயே பலமாக ஒரு எதிரொலி வந்தது. அதன் பின்னால் இருபத்துநான்கில் மெலிந்த இன்னொன்று.

"ரெண்டு குரல் திரும்புதுங்க" என்றார் வேலாத்தாள், கூடவே கொண்டுவந்த கைக்கம்பியை உத்தரத்தில் ஊன்றி, அதன் மரக்குமிழைக் காதெலும்பில் அழுத்தியபடி. "பக்கத்துல இருந்து ஒண்ணு. கடைசியில இருந்து ஒண்ணு. அந்தக் கடைசிக் குரல் வர்ற வரைக்கும் உத்தரம் ஒட்டிக்கிட்டிருக்குதுன்னு அர்த்தம்."

இருபத்திரண்டாம் மீட்டர். நேர் கீழே பொதுக்கூடத்தின் நடுமேடை. மேடையில் மைனாவதி.

மணி மூன்று நாற்பது. நல்ல காரியத்துக்குக் கொண்டல் ஜனங்கள் நேரத்தோடு வந்துவிடுவார்கள், அதிலும் ஏழு வகைச் சாதம் என்றால் கேட்கவே வேண்டாம். கூடம் நிறைந்திருந்தது. கூடத்துக்கு இருப்பது ஒரே கதவு, இரண்டு பேர் அகலம். அபாயமணி அடித்தால் என்ன ஆகும் என்று நாச்சிமுத்துவுக்குத் தெரியும். இருநூற்று எண்பது பேரும் கதவுப் பக்கம் பாய்வார்கள். எடை மொத்தம் ஒரு மூலைக்குப் போகும். வேலாத்தாள் சொன்ன அந்தத் தள்ளு ஜனங்கள் வழியாகவே ஓடிச் சுவரில் முட்டும், உத்தரம் அதைத் தாங்காது.

"நீங்க போங்க" என்றார் வேலாத்தாள். "நான் இங்கயே நின்னு நிமிசத்துக்கு ஒருக்காத் தட்டிக் கேட்டுச் சொல்றேன். போனைக் காதுல வச்சுக்குங்க."

"ஏதாவது ஆனா இந்த மூடியும் சேர்ந்து போயிரும்க்கா."

"தெரியுமுங்க. போங்க."

கூடத்தில் பெண்கள் கும்மிக்கு வட்டம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஐம்பது பேர் சேர்ந்து ஒரே தாளத்தில் தரையை மிதிக்கப்போகிறார்கள். நாச்சிமுத்து சிரித்த முகத்தோடு கூட்டத்தை விலக்கி மேடைக்குப் போய், மனைவியின் காதருகில் குனிந்தான். பார்த்தவர்கள் "ஓ" என்று கேலி செய்தார்கள்.

"மைனா, முகத்தை மாத்தாத. மேல உத்தரம் அரிச்சுப் போயிருக்குது. எல்லாரையும் வெளிய அனுப்போணும், ஆனா ஒருத்தரும் ஓடக் கூடாது. முதல்ல நீ கிளம்பு. தலை சுத்துதுன்னு சொல்லு."

மைனாவதி பள்ளிக்கூட ஆசிரியை. அரை நிமிடம் புன்னகை மாறாமல் எதிரே இருந்த வளையல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் வெளிறியதை அவன் ஒருவன்தான் கண்டான்.

"நான் எந்திரிச்சா எல்லாரும் என்ற பின்னாலயே ஓடி வருவாங்க மாமா. புள்ளைத்தாச்சிக்கு என்னமோ ஆச்சுன்னு கதவுல அடைச்சுக்குவாங்க" என்றாள் உதடு அசையாமல். "நான் உக்காந்திருந்தாத்தான் வரிசை நிக்கும்."

அவன் பதில் சொல்வதற்குள் அவள் குரலை உயர்த்தினாள். "அக்காமாரே, கும்மி அப்புறம்! கை நிறைய வளையல் போட்டாத்தான் ஆடறதுக்கு அழகு. ரெண்டு கைக்கும் ரெண்டு பேரா வாங்க. போட்டவங்க அப்படியே ஏழாம் பைக்குப் போங்க, அங்கதான் பந்தி. ஆம்பளைங்களும் போடலாம், வெக்கப்படாதீங்க! பூமியிலதான் அந்த வழக்கமில்லை, இது வேற கிரகம்."

கூடமே சிரித்தது. சிரித்துக்கொண்டே வரிசை கட்டியது. வகுப்பறையில் அவள் பிள்ளைகளை நிறுத்துகிற அதே வரிசை. சந்தனம் தடவி, வளையல் போட்டு, அட்சதை தூவி, இரண்டிரண்டு பேராக வெளியே நடந்தார்கள். யாராவது நின்று பேச ஆரம்பித்தால் "தக்காளிச் சாதம் ஆறுதுங்க" என்றாள். ஒருவர் வேகமாக நடந்தால், "மெதுவா மாமா, ஓடாதீங்க, உங்களுக்கும் வச்சிருப்பாங்க" என்றாள். நாச்சிமுத்து கதவருகில் போனைக் காதில் வைத்துக்கொண்டு, போகிறவர்களுக்கெல்லாம் கும்பிடு போட்டான். தன்னோடு ஆறு வருடம் குடித்தனம் செய்தவள் இவள்தானா என்று இருந்தது. இப்படி ஒரு நெஞ்சுரத்தை அவன் எந்த ஆணிடமும் பார்த்ததில்லை.

"கடைசிக் குரல் வருதுங்க. தாங்குது" என்றது போன்.

ஒரு நிமிடம். "தாங்குதுங்க."

நாலு மணி. நாலே காலுக்குள் நூற்று அறுபது பேர் வெளியே போயிருந்தார்கள். நாலு இருபதுக்குப் போன் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அக்கா?"

"இருக்கறேன் தம்பி. தாங்குது. வரிசை இப்படியே போகட்டும். யாரையும் அவசரப்படுத்தாதீங்க."

அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் நாச்சிமுத்து நின்றான். அது வரும்வரை மூச்சை அடக்குவதும், வந்ததும் விடுவதுமாக இருந்தான். "தாங்குதுங்க." மேடையில் மைனாவதியின் கைகள் முழங்கைவரை வளையலால் நிறைந்தன; பிறகு வந்தவர்கள் பழையதைத் தட்டில் கழற்றிவைத்துவிட்டுப் போட்டார்கள். "தாங்குதுங்க." டாக்டரம்மா போனார். சமையற்காரர்கள் போனார்கள். "தாங்குது தம்பி." முப்பது பேர், பன்னிரண்டு பேர், நான்கு பேர்.

நாலு முப்பத்தேழுக்கு மேடையில் மைனாவதி மட்டும் இருந்தாள். அவள் எழுந்து, வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு, நாற்பது அடி தூரத்தையும் நடந்தே வந்தாள். அவன் அவளை இழுத்து அணைத்து, கதவைச் சாத்தி, கூடம் மற்ற வீடுகளையும் இழுத்துக்கொண்டு போகாமல் அதன் பிடியை விடுவிக்கும் நெம்புகோலைப் பிடித்துக்கொண்டு போனில் கத்தினான்: "அக்கா, வாங்க! வந்துருங்க!" மூடிப்பக்கத்து ஏணியில் காலடிச் சத்தம் கேட்டு, வேலாத்தாளின் முகம் தெரிந்த பிறகே இழுத்தான்.

இழுக்கத் தேவையே இருக்கவில்லை. கூடம் ஏற்கனவே இறங்கத் தொடங்கியிருந்தது. மாலைகள், நாற்காலிகள், வளையல் தட்டு எல்லாவற்றோடும் மஞ்சள் மேகத்துக்குள் சத்தமில்லாமல் போய்ச் சேர்ந்தது. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

மூன்று நாள் கழித்து விசாரணை முடிந்தது. ரப்பர் வளையத்தில் சந்தனம் வைத்தது யார் என்பதை நாச்சிமுத்து தன் பெயரோடு எழுதிக் கொடுத்தான். சுமைப் பொறியாளர் பொறுப்பிலிருந்து ஆறு மாதம் விலக்கினார்கள். அது குறைச்சல் என்றே அவனுக்குப் பட்டது. வேலாத்தாளுக்கு நிலையத்தின் முதல் பாராட்டுப் பத்திரம் தரத் தீர்மானித்தார்கள். அதைச் சொல்ல அவனையே அனுப்பினார்கள்.

கேட்பறையில் அவர் நோட்டை விரித்துவைத்திருந்தார். அவன் விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, நோட்டை அவன் பக்கம் திருப்பினார்.

"இதைப் படிச்சுட்டுப் பத்திரத்தைக் குடுக்கறதா வேண்டாமான்னு சொல்லுங்க."

உருண்டையான, பள்ளிக்கூடத்துக் கையெழுத்து. "நாலாம் பை. 3.47 முதல் 4.20 வரை: கடைசிக் குரல் கேட்டது. 4.20 முதல் 4.37 வரை: அது கேட்கவில்லை. கேட்டதாகச் சொன்னேன்."

நாச்சிமுத்து இரண்டு தடவை படித்தான்.

"நாலு இருவதுக்குத் தட்டினேன். கடைசிக் குரலைக் காணோம். திரும்பத் தட்டினேன், பக்கத்துக் குரல் மட்டும்தான். உத்தரம் அப்பவே போயிருச்சுங்க தம்பி. பையோட தோலும் ஓரக் கயிறும் இழுத்துப் புடிச்சிருக்கும்னு நினைக்கறேன். எத்தனை நேரம் புடிக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்? தோலுக்கும் கயித்துக்கும் சத்தம் இல்லை, என்னத்தைக் கேட்டுச் சொல்றது?" முதல் தடவையாக அவர் குரல் நடுங்கியது. "கடைசிக் குரல் போச்சுன்னு சொல்லியிருந்தா நீங்க என்ன பண்ணியிருப்பீங்க?"

அவன் நினைத்துப் பார்த்தான். உள்ளே நூற்றுச் சொச்சம் பேர். கடைசி நாற்காலியில் மைனாவதி. "கத்தியிருப்பேன்" என்றான்.

"அதுக்குத்தான்."

தன் கால் பக்கம் குனியப் போன நாச்சிமுத்துவை அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார். பிறகு கேட்பறைச் சாவியை எடுத்து நோட்டின் மேல் வைத்தார்.

"என்னக்கா இது?"

"வேற ஆளைப் பாருங்க. எனக்கு ஒத்தாசைக்கு வர்ற சின்னாத்தா காது நல்ல காது. பழகிக்கும்."

"அக்கா, இதை எழுதணும்னே இல்லை. நமக்கு ரெண்டு பேருக்கும்தான் தெரியும். அந்தப் பக்கத்தைக் கிழிச்சுட்டா..."

"கிழிச்சுட்டா நோட்டு பொய்யாயிரும். ஒருக்காப் பொய் சொன்னதுக்கே மூணு நாளாச் சோறு இறங்கலைங்க." அவர் சிரிக்கப் பார்த்தார். "நான் 'ஒண்ணு'ன்னு எழுதினா முந்நூறு பேர் தூங்கறாங்க. ஏன் தூங்கறாங்க? வேலாத்தா கேக்காததைக் கேட்டேன்னு சொல்லமாட்டான்னு. இனி நான் 'ஒண்ணு'ன்னு சொன்னா, நிசமாக் கேட்டாளா, நம்ம நல்லதுக்குச் சொல்றாளான்னு யாராச்சும் யோசிப்பாங்க. அன்னிக்கு நடந்தது தெரிஞ்ச பொறவு, நீங்களே சொல்லுங்க தம்பி. நாளைக்கு நான் சொன்னா நீங்க நம்புவீங்களா?"

தன் மனைவியையும் பிறக்காத பிள்ளையையும் அந்தக் குரல்தான் காப்பாற்றியது என்று நாச்சிமுத்துவுக்குத் தெரியும். இந்தக் கிரகத்தில் அவரைவிடப் பெரிய மனுஷி இல்லை என்றும் தெரியும்.

"நம்புவேன்க்கா" என்றான்.

ஆனால் ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் சொன்னான். அந்த ஒரு நொடி வேலாத்தாளின் காதில் விழுந்துவிட்டது.